சுகிர்தத்தின் தொண்டை

சுகிர்தம் ஜெபம் பண்ணினால் ரயில்வே கேட் வரை கேட்கும். கோவில்பட்டி பெந்தெகொஸ்தே சபையில் அவள் கைதட்டி ஓர் அல்லேலூயா போட்டால் கூரையில் இருக்கிற பல்லி கீழே விழும். பக்கத்து வீட்டுச் சவேரியம்மாள் மாதா கோயில்காரி. ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள். அதைக் கண்டாலே சுகிர்தத்துக்கு ஆகாது.

“ஏட்டி, இதெல்லாம் ஒரு ஜெபமா? வாய்க்குள்ளயே முணங்குத, கடவுளுக்கு எப்படிக் கேக்கும்?”

“நீ போடுத சத்தத்துல அவரு காதப் பொத்திக்கிட்டுல்லா இருக்காரு. எனக்கு எங்க கேக்கப் போறாரு?”

தொண்ணூற்றெட்டில் ஓர் உபவாசக் கூட்டத்தன்று கரண்டு போய் மைக் செத்துப்போனது. “எனக்கெதுக்குய்யா மைக்கு?” என்று எழுந்த சுகிர்தம் பொழுது சாயும் வரை முழங்கினாள். மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அன்றைக்கென்று பார்த்து மகள் ஹெப்சிபாவுக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது. அவளுக்கு முதலில் பிறந்தது அழாமலேயே போய்ச் சேர்ந்த பிள்ளை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுகிர்தம் முழங்காலில் நின்றாள். சத்தமில்லாமல் எப்படிக் கேட்பது? கையைத் தட்டினாள். நர்சம்மா ஓடிவந்து அதட்டினாள். சுகிர்தம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அதற்கும் அதட்டல்தான்.

கூட வந்திருந்த சவேரியம்மாள் ஜெபமாலையை அவள் கையில் திணித்தாள்.

“ஒவ்வொரு மணிக்கும் பிள்ளைய நெனச்சிக்கோ, மனசுக்குள்ள கேளு. உங்க பாஸ்டர்ட்ட நான் சொல்லமாட்டேன்.”

சபைக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானைக்குள் மறைத்து உருட்டினாள் சுகிர்தம். அழட்டும். அழட்டும். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே மகளின் கூப்பாடு சட்டென்று நின்றது. சுகிர்தத்தின் விரலும் நின்றது.

வீல்!

வராந்தாவே அதிர்ந்தது. ஆயா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “பொம்பளப் பிள்ள! யம்மாடி, என்னா தொண்டை!”

“இவ தொண்டைதான், வேற யாரு தொண்டை?” என்று சவேரியம்மாள் சிரித்தாள், அழுதாள். சுகிர்தம் எழுந்து குதித்தாள். அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். வாயைத் திறந்து அல்லேலூயா போட்டாள். காற்றுதான். கையைத் தட்டினாள். நர்சம்மா எட்டிப் பார்த்தாள், இந்தத் தடவை அதட்டவில்லை.

“சரிட்டி, என் மாலையத் தா.”

சுகிர்தம் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பிள்ளை வீட்டுக்கு வரட்டும் என்று கையால் காட்டிவிட்டு, மாலையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு உள்ளே ஓடினாள்.