எங்கள் பேரில் இல்லாத எண்

ராசிபுரத்தைச் சுற்றி ஒன்பது ஊர்களுக்கு நானும் என் மனைவியின் தம்பியும் இணைய இணைப்பு கொடுத்துவந்தோம். சேலத்தில் ஒரு பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கி, கம்பி இழுத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்போம். இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை ஐபி முகவரி என்பார்கள். எங்களிடம் இருந்த எண்கள் எல்லாம் அந்த நிறுவனம் இரவலாகத் தந்தவை.

மச்சினன் பலமுறை சொன்னான். "நம்ம பேர்லயே வாங்கிப் போட்டுக்கலாங்க மாமா. நாளைக்கு அவிய குடுக்க மாட்டேன்னா என்னங்க பண்றது?"

எண்களை ஒதுக்கும் அமைப்பின் விண்ணப்பத்தில் உரிமம், வரைபடம், எத்தனை எண்கள் எதற்கு என்ற விளக்கம் என்று ஏகப்பட்டது கேட்டிருந்தார்கள். பாதி எழுதிவிட்டு, புரியாத ஒரு கேள்வியில் நிறுத்தினேன். நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு யார் தரப்போகிறார்கள் என்று அவன் வாயையும் அடைத்தேன்.

ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு பெண், படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டே பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்தார். முன்பே பதிந்துவைத்த எண்ணிலிருந்து வந்தால்தான் அவர்களுடைய கணினி உள்ளே விடும். அவருக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கியிருந்தேன்.

திடீரென்று சேலம் நிறுவனம் கைமாறியது. வந்தவர்கள் எண்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இரண்டே நாளில் வேறிடத்தில் இணைப்பு வாங்கிவிட்டோம்; படம் பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் அங்கே நூறு வீடுகளுக்குச் சேர்த்து ஓர் எண்தான். அப்படிப் பொதுவான எண்ணை அந்தப் பெண்ணின் நிறுவனம் ஏற்கவில்லை.

நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அந்த நம்பர் உங்களுதுன்னுதானுங்க நெனச்சிருந்தேன்," என்றார்.

இரவல் என்று நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றே மச்சினனும் நானும் விண்ணப்பத்தை எடுத்து உட்கார்ந்தோம். நான் பயந்துபோய் விட்ட கேள்விக்கு அவன் அரைப் பக்கத்தில் பதில் எழுதினான். திருத்தம் கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். சில மாதங்களில் எங்கள் பேரிலேயே எண்கள் வந்தன, கொஞ்சம்தான். அதற்குள் அந்தப் பெண் தாயைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் குடிபோயிருந்தார்.

போனில் கூப்பிட்டு, இப்போது எண் தர முடியும் என்றேன்.

"இனி வேண்டாமுங்க. இப்ப எல்லாரையும் ஆபீசுக்கே வரச் சொல்லீட்டாங்க," என்றார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"ஊட்டுக்கு எப்பப் போறோம்னு தெனமும் கேக்கறாங்க."