சத்தம் போடாத கால்

பாலே என்ற மேலைநாட்டு நடனத்தைக் கற்றுத்தரும் தொழிலில், ஒன்றும் தெரியாமல் வருகிறவர்களால் தொல்லை இல்லை. ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்கள்தான் உயிரை வாங்குவார்கள். பைக் ஓட்டுகிறவருக்குக் கார் கற்றுத்தரும் அண்ணன்மாருக்கு நான் சொல்வது புரியும். கடலூரில் ஒரு மாடி ஹாலில் வகுப்பு நடத்துகிறேன். இங்கே சொல்வதெல்லாம் கயல்விழி என்ற ஒரே மாணவியைப் பற்றித்தான். ஊர் குறிஞ்சிப்பாடி, கல்லூரி மாணவி, ஏழு வருடம் பரதநாட்டியம் ஆடியவள்.

கீழே கண்ணாடிக் கடை

அடிப்படையை ஒரே வருடத்தில் முடித்துவிட்டாள். அடுத்தது பெரிய தாவல்கள். பாலேயில் எவ்வளவு உயரம் தாவினாலும் இறங்கும்போது சத்தம் வரக்கூடாது. முதலில் விரல்நுனி, பிறகு பாதம், கடைசியில்தான் குதிகால். பரதத்திலோ கால் தட்டுவது கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். கயல் அழகாகத் தாவுவாள். பழைய பழக்கத்தில் முழுப்பாதமும் தொம்மென்று விழும். கீழே படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை. மூன்றாம் நாளே கடைக்காரர் மேலே வந்துவிட்டார்.

“டான்ஸ் கிளாஸுன்னுதான மேடம் சொன்னீங்க? நெல்லு குத்துறீங்களா?”

சுவரில் ஒரு பொட்டு

சுழலும்போது தலை சுற்றாமலிருக்க ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். உடம்பு திரும்பியதும் தலை வெடுக்கென்று திரும்பி அதே இடத்துக்கு வர வேண்டும். அதற்காகச் சுவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். பரதத்திலோ கை போகும் இடத்துக்குத்தான் கண்ணும் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் கயலின் கண் பொட்டை விட்டுவிட்டுக் கைக்குப் பின்னாலேயே போனது. மூன்றாவது சுற்றில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். திட்டினேன். கம்பியை விடாமலே கயல் சொன்னாள்:

“கை ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம். யாரையோ ஏமாத்துற மாரி இருக்குது மிஸ்.”

அப்பாவின் கெடு

அவள் அப்பா பஸ்ஸில் கூடவே வந்து, வகுப்பு முடியும்வரை வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பரத வகுப்பிலும் அப்படித்தானாம். கால் சத்தத்தை வைத்தே மகளின் தாளத்தைச் சரிபார்ப்பவர். சிதம்பரத்தில் ஒரு விழாவில் அவள் தனியாக பாலே ஆடப்போகிறாள் என்றதும் முடிவாகச் சொல்லிவிட்டார். கயல் ஷூ நாடாவில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

“அங்க ஆடட்டும் மிஸ். இதே மாரி தொம்மு தொம்முன்னு குதிச்சான்னா பழைய கிளாஸுக்கே போயிடட்டும். ரெண்டுங்கெட்டானா வேணாம்.”

தரையில் மைக்

சிதம்பரத்தில் மேடை விளிம்பில், தரையோடு தரையாக ஒரு மைக். நாட்டியம் என்றால் கால் சத்தத்துக்காக மைக்செட்காரர் கேட்காமலே வைத்துவிடுவாராம். எடுக்கச் சொல்வதற்குள் இசை ஆரம்பித்துவிட்டது. கால் சத்தம் வரவில்லையே என்று அவரோ மைக்கின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். இசை நிற்கும் இடத்தில்தான் கடைசித் தாவல் வந்து இறங்க வேண்டும். இறங்கினாள். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் கண் கலங்கிவிட்டது.

மைக்செட்காரர் பக்கத்தில் நின்ற அப்பாவிடம் சங்கடத்தோடு, “மைக் போயிடுச்சு போல சார்” என்றார். அப்பா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மைக்கு நல்லாத்தான்பா இருக்குது. எம் பொண்ணு எறங்கக் கத்துக்கிட்டா.”

ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை நாளும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.