இழுப்பறைப் புழுவும் கோங்கின் வானம்பாடியும்

கோங் யூமினைப் பற்றி நல்லதாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். அவர் வளர்க்கும் மாவுப்புழுவுக்கு தியென்ஜின் நகரத்திலேயே இணை கிடையாது. நல்லது அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாய்ச்சவடால்.

நாங்கள் இருவரும் ஒரே கட்டடம். அவர் ஆறாவது மாடி, நான் நான்காவது. வால்வு தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்து ஒன்றாகவே ஓய்வு பெற்றோம், ஆளுக்கொரு வானம்பாடி வாங்கினோம். பறவைக்குப் புழு வேண்டும். நாங்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தவிட்டைப் போட்டுக் கைப்பிடியளவு வளர்ப்போம். கோங்குக்கு அது போதவில்லை. மனைவி மியாவ்லான் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த இரண்டு அலமாரிகளையும் காலிசெய்தார். அவளுடைய துணிமணி மூட்டையாகக் கட்டிலுக்கடியில் போனது. பன்னிரண்டு இழுப்பறைகளிலும் கோதுமைத் தவிடு, தவிட்டில் புழு. முட்டையிடும் கருவண்டுகளுக்கு ஓர் இழுப்பறை, கூட்டுப்புழுக்களுக்கு ஓர் இழுப்பறை. பெண்டாட்டியின் சட்டைக்கு மட்டும் இடமில்லை.

தோல் உரித்த கையோடு மாவுப்புழு பால்போல வெளுத்து மெத்தென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மஞ்சளாகிவிடும். அந்த வெள்ளைப் புழுவாகப் பார்த்துப் பார்த்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு சாமணத்தால் பொறுக்குவார்.

"யோவ் பான், என் பறவை மஞ்சப்புழுவத் திரும்பிக்கூடப் பாக்காதுய்யா" என்பார் என்னிடம். "உன்னோடது என்னத்தப் போட்டாலும் முழுங்கும். வளர்ப்பு அப்படி."

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வேன். என் டப்பாவில் புழு தீர்ந்தால் அவரிடம்தானே போய் நிற்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கென்றால், ஆற்றங்கரைப் பூங்காவில் எங்கள் கூண்டுகளை மாட்டும் இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. அதில் ஏழு கொக்கிகள். முதல் கொக்கியில் மாட்டும் பறவை வழக்கமான பதின்மூன்று போலிக்குரலையும் வரிசை மாறாமல் பாட வேண்டும். சிட்டுக்குருவிச் சண்டை, முட்டையிட்ட கோழி, பூனை, நாய்க்குட்டி, தண்ணீர் வண்டியின் கிறீச்சொலி என்று அது பாட்டுக்குப் போகும். நடுவே வேண்டாத சத்தம் ஒன்று நுழைந்தாலும் அந்தப் பறவைக்கு வாய் கெட்டுவிட்டதாக அர்த்தம். பக்கத்துக் கூண்டுகளும் கேட்டுப் பழகிக்கொள்ளும் என்பதால் அதை யாரும் அண்டவிட மாட்டார்கள். முதல் கொக்கி இரண்டு வருடமாகக் காலியாகவே இருந்தது. கோங்கின் கண் அதன்மேல்தான். அது கிடைக்காமல் செத்தால் தன் கட்டை வேகாது என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பறவையின் வாய் கெட்டுவிடக் கூடாது என்று ஆறாவது மாடியில் ஊரடங்கு போட்டார். கெட்டிலின் விசில் பிடுங்கப்பட்டது. தொலைக்காட்சி படம் மட்டும் காட்டியது. மியாவ்லான் துணிச்செருப்புதான் போட வேண்டும், இருமல் வந்தால் தலையணையில் முகம் புதைத்து இரும வேண்டும். அவள் வாயைத் திறந்தால் கோங் உள்ளங்கையை உயர்த்துவார், சாலையில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிற மாதிரி. மகள் ஃபோன் செய்தால் மியாவ்லான் ஆறு மாடி இறங்கி வந்து சைக்கிள் கொட்டகையில் நின்று பேசுவாள். மூன்று பனிக்காலம் இப்படி. காதில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் அங்கே நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனுஷனை அறையத் தோன்றும். அறையவில்லை. புழு வேண்டியிருந்தது.

குளிர் விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை கோங் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கையில் நீலத்துணி மூடிய கூண்டு, மறு கையில் வெள்ளைப் புழு டப்பா. குழாய்க்குப் பொறுப்பாளரான தாவோ மல்லிகைத் தேநீர்க் குடுவையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்வதுதான் அங்கே தீர்ப்பு.

"என்ன கோங், மாப்பிள்ளை மாதிரி வந்திருக்க?" என்றார்.

"இன்னிக்குக் கொக்கி எனக்குத்தான் தாவோ ஐயா. காதைத் தொடச்சிட்டு உக்காருங்க."

துணியை விலக்கினார். வானம்பாடி கூண்டின் நடுவிலிருந்த வட்ட மேடையில் ஏறி இறக்கையை விரித்துப் பாடத் தொடங்கியது. பொறாமையாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், அற்புதம். குருவி, கோழி, பூனை, ஒவ்வொன்றும் அச்சு அசல். எட்டாவது குரல் முடிந்தது. கோங் எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு பறவை தலையைச் சாய்த்துத் தாழ்ந்த குரலில் வேறு எதையோ சொன்னது. சரசர, சரசர என்று காய்ந்த சத்தம். காகிதத்தின்மேல் தூறல் விழுவதுபோல நிற்காமல் வந்தது.

நாங்கள் மரத்தைப் பார்த்தோம். காற்றே இல்லை. தாவோ எழுந்து வந்து கோங்கின் கையிலிருந்த டப்பாவை வாங்கிக் காதருகே வைத்துக் கேட்டார். எல்லோர் காதருகிலும் ஒருமுறை பிடித்தார். தவிட்டுக்குள் புழுக்கள் நெளிகிற சத்தம், வேறொன்றுமில்லை.

"பன்னண்டு இழுப்பறைப் புழுவுக்கு நடுவுலயா பறவைய வச்சிருந்த?" என்றார் தாவோ. "சுத்தமா வாய் கெட்டுப்போச்சு. எடுத்துட்டுப் போ. இனிமே இந்தக் குழாய்ப் பக்கம் வராத."

அடுத்த நிமிடம் எல்லோரும் அவரவர் கூண்டை மூடித் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தோம். வால்வு தொழிற்சாலையில் பாய்லர் வெடித்தபோதுகூட நான் அப்படி ஓடியதில்லை. திரும்பிப் பார்த்தபோது கோங் காலிக் குழாயின் கீழ் தனியாக நின்றிருந்தார். பறவை மட்டும் உற்சாகமாகச் சரசரத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆறாவது மாடிக்குப் போனேன். ஆறுதல் சொல்ல என்று எழுதினால் பொய். என்னிடம் புழு தீர்ந்திருந்தது. கோங் அலமாரி முன் குந்தியிருந்தார். புழுவுக்குத் தீனியாகக் கோஸ் இலை போட்ட இழுப்பறையிலிருந்து சத்தம் பலமாகவே வந்தது.

"இத்தன நாளா இது எனக்குச் சத்தமாவே தெரியலையே பான்" என்றார்.

எப்படித் தெரியும்? கடன் வசூலிப்பவன் போல அடுத்தவர் சத்தத்தை மட்டும் துரத்திக்கொண்டிருந்தவருக்கு, தான் ஆசையாக வளர்த்தது சத்தமாகவே படவில்லை.

மியாவ்லான் அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். கோங் அவளைப் பார்த்தார்.

"இது இப்பிடிப் பாடுறத நீ முன்னாடியே கேட்டிருக்கியா?"

"போன பனிக்காலத்துலேர்ந்து. மத்தியானம் நீ தூங்குறப்பல்லாம் பழகிக்கிட்டே இருக்கும்."

"ஏன்டி, சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொல்ல வந்தேன்யா. ரெண்டு தடவ வந்தேன். ரெண்டு தடவையும் கையத் தூக்கின."

அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அவ்வளவுதான், கோங்கின் வலது கை தானாக எழும்பிவிட்டது, உள்ளங்கை அவளைப் பார்த்தபடி. ஜன்னலோரம் கூண்டு துணி மூடாமல் இருந்தது, பறவை காதில் விழுந்துவிடுமே.

மியாவ்லான் அந்தக் கையைப் பார்த்தாள்.

"இன்னும் எதக் காப்பாத்துறய்யா?" என்று கத்தினாள். நான்காவது மாடிவரை கேட்டதாக என் மனைவி பிறகு சொன்னாள். "இனிமே கெடுறதுக்கு அது வாயில என்ன இருக்கு?"

கோங் கையை இறக்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை.