வடக்கு மூலையில் இரண்டு விரிப்புகள்

என் அக்காவின் கணவரை வேலையிடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஜாண்' என்பார்கள். சுரங்கக் கழிவுநீர் தேங்கும் குளங்களுக்கு அடியில் களிமண் விரிப்பு போடும் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. இரண்டு கெட்டித் துணிகளுக்கு நடுவே களிமண் பொடியை வைத்துத் தைத்த விரிப்பு அது. சுருள் சுருளாக லாரியில் வரும். ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஒரு ஜாணும் நாலு விரலும் ஏறியிருக்க வேண்டும். டேப் கையில் இருந்தாலும் மனிதர் குனிந்து கையை விரித்து அளந்துவிட்டுத்தான் நகர்வார். ஒரு விரல் குறைந்தாலும் வாயில் நல்ல வார்த்தை வராது. அங்கிருந்த, மண் தள்ளும் மூன்று டோசர்களில் ஒன்றை நான் ஓட்டினேன். மாமாதானே என்று சலுகை எதிர்பார்த்து முதல் வாரமே மூக்குடைபட்டேன்.

அந்த விரிப்புக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மேலே மண்ணைப் போட்டு அழுத்திய பிறகு நனைந்தால் களிமண் உப்பி, கீழே தண்ணீர் இறங்காதபடி இறுகிக்கொள்ளும். மண் போடுமுன் நனைந்தால் போச்சு. கொழகொழவென்று ஆகி, பாரம் விழுந்த இடத்தில் பிதுங்கி விலகிவிடும். அதனால் அன்று விரித்ததை அன்றே மூட வேண்டும். நனைந்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இருபது வருடமாக இதை மற்றவர்களிடம் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவர் அவர்.

ஒரு நாள், மகளுக்குப் பள்ளியில் பரிசு கொடுக்கிறார்கள் என்று மூன்று மணிக்கே கிளம்பினார். வடக்கு மூலையில் இரண்டு விரிப்புகள் மூடாமல் கிடந்தன.

"தார்ப்பாய் போட்டு கல்லு வச்சிடு மாப்ள. காலைல பாத்துக்கலாம்."

நாலு கல் வைத்தேன். எட்டு வைத்திருக்க வேண்டும். எனக்கும் பரிசளிப்புக்குப் போகிற அவசரம்.

காலையில் தார்ப்பாய் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி பெய்த மழை விரிப்பு முழுக்க இறங்கியிருந்தது. மாமா ஒரு காலை வைத்துப் பார்த்தார், பூட்ஸ் பதிந்தது. புதுச் சுருள் வர நாலு நாள் ஆகும். பத்து மணிக்குச் சோதனை செய்ய இன்ஜினியரம்மா வருகிறார்.

"மாமா, யாரும் பாக்கல. மண்ணத் தள்ளிடவா?"

கேட்டது நான்தான். இதை எழுதக் கை கூசுகிறது.

அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் வண்டியைக் கிளப்பினேன். பத்து மணிக்கு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மாமா படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு கையை விரித்து அளப்பதை விட்டுவிட்டார். யாராவது கோணலாகப் போட்டால், பேசாமல் தானே போய்ச் சரிசெய்வார். "மேஸ்திரி சாமியாராயிட்டாரு" என்று ஆட்கள் கிண்டல் செய்தார்கள். எந்த முகத்தோடு அவர் இன்னொருவரைத் திட்டுவார்? அந்தக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கழிவுநீரைத் திறந்துவிட ஒரு வாரம் இருக்கும்போது, குளத்துக்குக் கீழே பள்ளத்தில் குடியிருப்பவர்களை அழைத்துக் கூட்டம் போட்டார்கள். இன்ஜினியரம்மா சுவரில் படம் காட்டி விளக்கினார். முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து மாமாவைப் பார்த்தாள்.

"படமெல்லாம் எனக்குப் புரியாதும்மா. விரிச்சவரு இவருதானே? அண்ணே, எங்க கிணறு அந்தக் குளத்துக்கு நேர் கீழ இருக்கு. இனிமே அந்தத் தண்ணிய என் பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா? நீங்க சொன்னா நம்புறேன்."

மாமா எழுந்தார். நெற்றியைத் துடைத்தார்.

"குடுக்காதீங்கம்மா. வடக்கு மூலையில ரெண்டு விரிப்பு மழையில நனைஞ்சிடுச்சு. தெரிஞ்சேதான் மூடினேன். நல்லா இருக்குன்னு கையெழுத்தும் போட்டேன்."

இன்ஜினியரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "மண்ணு தள்ளினது யாரு?" என்றார்.

"ஞாபகம் இல்லீங்க. நான்தான் பொறுப்பு."

எனக்கும் அவருக்கும் நடுவே மூன்று நாற்காலிகள். எழுந்திருக்கலாம். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

குளத்தைத் திறக்கவில்லை. அந்த மூலையைத் தோண்டிப் புதிதாக விரித்தார்கள். அதற்காகப் பழைய மேல் மண்ணை விலக்கியதும் நான்தான். நனைந்த விரிப்பில் களிமண் ஓரமாக ஒதுங்கிப்போய், பல இடங்களில் இரண்டு துணியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மாமாவின் மேஸ்திரி வேலை போயிற்று. இப்போது அதே ஆட்களோடு சேர்ந்து சுருள் உருட்டுகிறார். என் டோசருக்கு ஒன்றும் ஆகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

"இந்த மனுஷன் பேரு மட்டும் கெட்டுச்சு. அந்த டிரைவரு எவன்னு உனக்குத் தெரியாமலாடா இருக்கும்? நீயும் அங்கதானே இருந்தே?"

என் வாய் நிறையச் சோறு. மாமா முந்திக்கொண்டார்.

"அவன் அன்னிக்கு லீவு. சாப்பிடுறவன ஏன் தொந்தரவு பண்றே?"

அக்கா எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். நான் சாப்பிட்டேன்.