ஓடாத டிவிடிகளும் பார்க்க வந்தவர்களும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பல வருஷமாகக் கடை நடத்துகிற எனக்கு, உள்ளே வந்ததும் அவர்கள் கேட்கும் “அண்ணன் இல்லையா?” என்ற கேள்வியும் பழகிவிட்டது. அண்ணன் யாரும் இல்லை. கடையும் என்னுடையது, ஸ்க்ரூ டிரைவரும் என்னுடையது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் நாலைந்து பழைய டிவிடி இருக்கும். தனியாக ஒரு டிரைவ் வாங்கி, புது லேப்டாப்பில் மாட்டி, கறுப்புத் திரையைப் பார்த்து நீங்களும் நொந்திருப்பீர்கள். டிவிடியில் படத்தை அப்படியே வைத்தால் இடம் போதாது. அதனால் சுருக்கி வைத்திருப்பார்கள். சுருக்கியதை விரித்துக் காட்ட டிகோடர் வேண்டும். ஒரு காலத்தில் அதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் தனி கார்டு செருகுவோம். இப்போது சின்ன மென்பொருள் ஒன்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் நிறைய புது கம்ப்யூட்டர்களில் அதைச் சேர்த்துத் தருவதில்லை. டிவிடி சுற்றும், படம் வராது. அப்போதுதான் என்னைத் தேடி வருவார்கள்.

சத்தம் மட்டும்

பக்கத்துத் தெரு சாப்பாட்டுக் கடையில் தோசைக் கல்லில் நிற்கும் செல்வம், வேலை பெர்மிட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மதிய வேலை முடிந்து, கையில் மாவு காய்வதற்குள் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தார். ஊரில் அவருடைய அப்பா இறந்துபோனார். இங்கே லீவு கிடைக்கவில்லை. காரியம் முடிந்த பிறகு தம்பி, எடுத்த வீடியோவை டிவிடியாகப் போட்டு, ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். செல்வத்தின் லேப்டாப்பில் சத்தத்தை விரிக்கிற மென்பொருள் இருந்தது. படத்தை விரிக்கிறது இல்லை. டிவிடி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, இத்தனை நாளும் இருட்டுத் திரையை வைத்துக்கொண்டு பறைச் சத்தத்தையும் அழுகையையும் மட்டும் கேட்டிருக்கிறார்.

இலவசமாகக் கிடைக்கும் பிளேயர் ஒன்றைப் போட்டேன். அதற்குள்ளேயே டிகோடர் உண்டு. பந்தலும் வாசலும் தெரிந்தன. ஸ்டூலை இழுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “சத்தத்த வச்சே யார் யார் வந்தாங்கன்னு கண்டுபுடிச்சிட்டேன்க்கா. கொள்ளி வைக்க என் எடத்துல யாரு நின்னாங்கன்னுதான் தெரியல.”

முந்திப்போன மணி

கிள்ளானில் ஒரு கோயிலிலிருந்து கூப்பிட்டார்கள். கும்பாபிஷேக வீடியோவை அன்று சாயந்திரம் மண்டபத்தில் போட்டுக் காட்டுவதாக எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். கோயில் ஆபீஸில் இருந்ததோ பழைய டெஸ்க்டாப். வீடியோ புதுக் கேமராவில் எடுத்தது. அவ்வளவு பெரிய படத்தை விரிக்கிற பாரம் முழுவதும் பிராசஸர் தலையில் விழுந்ததால் அது மூச்சு வாங்கியது. சத்தம் முன்னால் ஓடியது, படம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் என் லேப்டாப்பையே புரொஜெக்டரில் மாட்டினேன். அதுவரை குருக்கள் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: “நான் தீபத்தத் தூக்கறதுக்குள்ள மணி அடிச்சு ஓஞ்சிடுத்தும்மா. இப்படி ஒரு பூஜைய நான் பண்ணவே இல்ல.”

கட்டம் கட்டமாக ஒரு முகம்

அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கொண்டுவந்தது மகனின் கல்யாண டிவிடி. படம் ஓடியது. ஆனால் கீறல் விழுந்த இடங்களில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து, இழுபட்டு, பிறகு தானாகவே தெளிந்தன.

“ஏன் இப்பிடி? விளங்கப்படுத்துங்கோ, பிள்ளை” என்றார். சொன்னேன்: “எல்லாமே முழுப் படமா இருக்காது அங்கிள். அங்கங்கதான் முழுப் படம். நடுவுல என்ன மாறிச்சின்னு குறிப்பு மட்டும்தான். முன்னாடி வந்த படத்த ஞாபகம் வச்சிதான் கம்ப்யூட்டர் அடுத்தத வரையும். அந்த முழுப் படத்துல கீறல் விழுந்தா, அடுத்த முழுப் படம் வர்ற வரைக்கும் இப்படித்தான்.”

அந்த அம்மா திரையில் இருந்த மாப்பிள்ளையைக் காட்டி, “இவர் ஆர்?” என்று கணவரைக் கேட்டார். “எங்கட மகன்” என்றார் அவர், முதல்முறை சொல்வதுபோல. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மகனின் பெயரைத் தானாகவே சொன்னார். அவர் என் பக்கம் திரும்பினார்: “இவவும் இப்ப அப்பிடித்தான், பிள்ளை. அடுத்த முழுப் படம் வருமட்டும் நான் பக்கத்தில இருக்கிறன்.”

சிவப்பு விளக்கு

சுங்கை பூலோவிலிருந்து வந்தவர் பெயர் மாரிமுத்து. அவருடைய மகன் ஷா ஆலமில் தொழிற்சாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒரு சந்திப்பில் லோரி மோதி இறந்துவிட்டான். பையன் சிவப்பு விளக்கை மீறி வந்தான் என்று லோரிக்காரர் தரப்பு சொன்னது. சந்திப்புக்கு எதிரே இருந்த கடையின் கேமராவில் பதிந்ததை டிவிடியில் வாங்கியிருந்தார்கள். வக்கீல் ஆபீஸில் அது திறக்கவே இல்லை.

அந்த மாதிரி கேமராக்கள் தங்களுக்கென்று ஒரு முறையில் சுருக்கி வைக்கும். ஊரில் இருக்கிற பிளேயர் எதற்கும் அது புரியாது. எந்த ரகக் கேமரா என்று கடைக்காரரிடம் கேட்டு, அதற்கான டிகோடரைத் தேடிப் போட்டேன். திறந்தது. “நான் முதல்ல பாத்திர்றேன் அண்ணே” என்று திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பையன் வருகிறான். விளக்கு சிவப்பு. நிற்கிறான். காலை ஊன்றி, ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்கிறான். லோரி பின்னாலிருந்து வருகிறது. அங்கே நிறுத்தினேன்.

“தம்பி நின்னுட்டுதான் இருந்தாரு அண்ணே” என்றேன். பட்டையைச் சரிசெய்கிற இடம் வரைக்கும் காட்டச் சொன்னார். காட்டினேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் காட்டினேன். அதற்கு மேல் போகச் சொல்லவில்லை. வக்கீலுக்கு முழு வீடியோவையும் சாதாரண பிளேயரில் ஓடும்படி மாற்றி இன்னொரு டிவிடியில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார், நுழையவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு சொன்னார்: “நின்னிருக்கான்லா. அவங்கம்மாகிட்ட இத மட்டும் சொல்லிர்றேன்.”

இவ்வளவுக்கும் ரசீதில் நான் எழுதுவது ‘சாப்ட்வேர் இன்ஸ்டால்’ என்ற இரண்டே வார்த்தைதான்.