கொட்டு நின்ற பாட்டு

தாராவியில் தோல்பை தைக்கும் நம்பிராஜனுக்குத் தங்கை மாலதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் வாய் ஓயாது. கோயில் கொடையில் கும்மிக்கு முன்குரல் கொடுத்தவள், மாட்டுங்காவில் கல்லூரிச் சிநேகிதி சஃப்ரீனிடம் கிட்டார் பழகினாள். முலுண்டில் கிடைத்த ஆபீஸ் வேலையை உதறினாள். குழாயடிச் சண்டையையும் லோக்கல் ரயில் நெரிசலையும் பாட்டாக எழுதி, பறையும் கிட்டாரும் சேர்த்துப் பாடினாள். புனேயில் தமிழ் தெரியாதவர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் கிட்டாருக்கு உறை தைத்தது நம்பிராஜன்தான். இரட்டைத் தையல், ஒரு நூல் பிசிறு கிடையாது.

அம்மா சண்முகவடிவு மட்டும் மகளின் கச்சேரிக்குப் போனதே இல்லை. அவளும் பாட்டுக்காரிதான். தாராவியில் எழவு விழுந்தால் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாடப் போவாள். ஆனால் போன வருஷம் சொந்தப் புருஷன் செத்தபோது அவளுக்கு வாயே திறக்கவில்லை. அதன்பின் எந்த எழவு வீட்டுக்கும் அவள் போகவில்லை.

செம்பூர் அரங்கில் நடந்த மாலதியின் கச்சேரிக்கு நம்பிராஜன் அம்மாவைக் கெஞ்சித்தான் கூட்டி வந்தான்.

"எம்மா, ஒரே ஒரு பாட்டு கேளு. புடிக்கலன்னா டாக்ஸி புடிச்சுப் போயிருவோம்."

விளக்கு மங்கியது. மாலதி தொடங்கினாள்:

"தோலு தச்ச கையி ரெண்டும்
தூங்கிப் போன தென்ன அப்பா..."

நம்பிராஜன் நாற்காலி நுனிக்கு வந்தான். அப்பாவுக்கு ஒப்பாரி! ஒரு வார்த்தை சொல்லவில்லையே பாவி! பறை அதிர, முன்னால் நின்ற இளவட்டங்கள் விசிலடித்துக் குதிக்க ஆரம்பித்தார்கள். அம்மா எழுந்தாள். இனி இந்த ஜென்மத்தில் மகள் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. நாற்காலிக்கடியில் கிடந்த அவள் செருப்பை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், ஆளைக் காணோம். வாசலுக்கு ஓடினான். அங்கும் இல்லை. திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். வெறுங்காலோடு அம்மா மேடைப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.

மாலதியின் விரல்கள் கம்பியிலேயே உறைந்தன. பறையும் நின்றது.

"ஏன்ட்டி நிப்பாட்டுன?" அம்மாவின் குரல் மைக்கில் விழுந்து அரங்கெங்கும் கேட்டது. "எழவு வீட்டுல கொட்டு நின்னா நான் எப்படிப் பாட? அடிக்கச் சொல்லு."

"எம்மா..."

"ஒங்கப்பாவுக்கு நீ பாடிட்ட. எம் புருஷனுக்கு யாரு பாடுவா?"

பறை மறுபடி எழுந்தது.

"ஊருக்கெல்லாம் அழுத வாய – என் ராசா
ஒனக்கு மட்டும் பூட்டி வச்சேன்..."

நம்பிராஜன் அம்மாவின் செருப்பை வாசலோரம் ஜோடி சேர்த்து வைத்தான். தன்னுடையதையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனான்.