யன்னலுக்கு நேரே பூத்தது

நான் திருடினேன். வேறு சொல் போட்டு மறைக்க விரும்பவில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மில்லிக்கனில் காலை நடைக்குப் போகும்போது, சுவாமிப் படத்துக்கு வைப்பதற்காக அயல் வீட்டு முற்றங்களில் பூப் பறிப்பது என் வழக்கம். யாரிடமும் ஒரு நாளும் கேட்டதில்லை.

தெரு முனையில் வயதான ஜப்பானியத் தம்பதியின் வீடு. அந்த முற்றத்தின் அழகுக்காகவே அங்கே நிற்பேன். பாசி படர்ந்த கல், கூட்டித் துடைத்த படி, கைப்பிடியில் காயும் தோட்டக் கையுறைகள். ஒரு ஜூன் காலை யன்னலுக்கு நேரே ஒரேயொரு வெள்ளைப் பியோனிப் பூ விரிந்திருந்தது. பறித்து வந்தேன்.

“இஞ்சை, உது ஆரின்ர வீட்டுப் பூ? கேட்டோ பிடுங்கினனீங்கள்?” என்றாள் மனைவி.

“சுவாமிக்குத்தானே.”

“சுவாமி உங்களிட்டைக் கேட்டவரோ?”

மறுநாள் அவ்வழியே போனபோதுதான், யன்னலுக்குள் படுக்கையில் கிடந்த கிழவரைக் கண்டேன். அவர் அந்த வெறுந்தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமை நான் நடக்கப் போகவில்லை. பிறகு ஒரு பியோனிக் கன்றை வாங்கிக்கொண்டு போய், அவருடைய மனைவியிடம் உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை.

“மொட்டு விட்ட நாளிலிருந்து அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்,” என்றார் ஆங்கிலத்தில். “இந்தக் கன்று பூக்க மூன்று வருடமாவது ஆகும். அவருக்கு அவ்வளவு காலம் இல்லை.”

ஆனாலும் மண்வெட்டி கொண்டுவந்தார். இருவருமாக நட்டோம். உள்ளே இருந்தவரைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

மார்கழியில் அவர் இறந்துவிட்டார். கன்று இந்த வருடம் இலை மட்டும் விட்டிருக்கிறது.